பருத்தி மருந்து

எனக்கு அப்போது ஏழு வயது. அம்மா இரண்டாவது பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்ததால், பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் அப்பா என்னைக் கொல்லைக்கு இழுத்துக்கொண்டு போவார். அரும்பாவூருக்கு மேற்கே எங்கள் பருத்திக் கொல்லை. அன்று காலை கால்வாசி பூச்சிமருந்து இருந்த பாட்டிலை வரப்பில் வைத்து, "இதத் தொட்ட, தோல உரிச்சிருவேன்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனார்.

தொடாதே என்றால் தொட்டுப் பார்ப்பதுதானே பிள்ளைகள் வழக்கம். மூடியைத் திருகினேன். பாட்டில் சரிந்து, கொஞ்சம் என் சட்டையிலும் மிச்சம் தரையிலும் போனது. ஈரத்தின் மேல் மண்ணை அள்ளிப் போட்டு மூடினேன். அந்த வயதிலேயே தடயத்தை அழிக்கத் தெரிந்திருந்தது.

குடத்தோடு வந்தவர் காலி பாட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குடம் நழுவி விழுந்தது.

"குடிச்சியாடா?"

கொட்டிவிட்டேன் என்றால் தோல் உரியும். சொன்னதைச் செய்கிற மனுஷன். குடித்தால் என்ன தண்டனை என்று அவர் சொல்லியிருக்கவில்லை. ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

என் சட்டையைக் கிழித்தெறிந்துவிட்டு, வண்டியில் என்னை முன்னால் உட்காரவைத்துத் துண்டால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டினார். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்க அவரால் முடியவில்லை. பெரம்பலூருக்கு விரட்டினார்.

"தூங்கிறாத சாமி. எதாச்சும் பேசிக்கிட்டே வா."

சாமி என்று அவர் என்னைக் கூப்பிட்டதே இல்லை. வீட்டில் அவர் வாயைத் திறந்தால் அது வேலை ஏவத்தான். அன்றைக்கு வேப்பந்தட்டை தாண்டுவதற்குள், நான் பிறந்த அன்று பெய்த மழையையும், முதல் பல் முளைத்ததும் அவர் விரலை நான் கடித்ததையும் சொல்லிவிட்டார். நடுநடுவே "வவுறு எரியுதா?" என்று கேட்பார். குரல் உடைந்துவிடும். எனக்கோ கேட்கக் கேட்க ஆசையாக இருந்தது. உண்மையைச் சொன்னால் பேச்சு நின்றுவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன். என் முதுகில் ஏதோ திடுதிடுவென்று இடித்துக்கொண்டே வந்தது. வண்டி குலுங்குகிறது என்று நினைத்தேன்.

எசனை பக்கம் கரும்பு டிராக்டர் ஒன்று வழியை அடைத்து ஊர்ந்தது. "வழி விடுங்கண்ணே, எம்புள்ள மருந்தக் குடிச்சிட்டான்" என்று கத்தியபடியே வண்டியைத் தார் ரோட்டிலிருந்து மண்ணில் இறக்கினார். விழப் பார்த்தோம். அவர் கத்தியதைக் கேட்டதும் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, ஒருவேளை குடித்துத்தான் தொலைத்தேனோ என்று.

ஆஸ்பத்திரியில் என்னைச் சோப்புப் போட்டுக் கழுவினார்கள். பிறகு நர்ஸம்மா மூக்கில் விடுவதற்கு ஒரு குழாயை எடுத்தார். அதன் நீளத்தைப் பார்த்ததும் உண்மை தானாக வெளியே வந்தது.

"குடிக்கலப்பா. கொட்டிட்டேன். மண்ணப் போட்டு மூடிட்டேன்."

"பயத்துல சொல்றான். நீங்க வெளிய இருங்க" என்றார் நர்ஸம்மா. டாக்டர் என் வாயை முகர்ந்தார், கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார், குழாயை எடுத்து வைக்கச் சொன்னார். உடம்பில் பட்டிருப்பதால் மறுநாள் வரை இருக்கட்டும் என்றார்.

அப்பா கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கொட்டிட்டியா?"

"கொட்டிட்டேன்."

மறுபடியும், "நெசமாவே கொட்டிட்டியா?" என்றார். பத்துத் தடவையாவது கேட்டிருப்பார். ஒவ்வொரு தடவையும் பதில் சொல்லிவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. நாலு பேர் பார்க்கிறார்களே என்று அடக்கிக்கொள்கிறார், வீட்டுக்குப் போனதும் இருக்கிறது என்று நினைத்தேன்.

வீட்டில் சோறு பிசைந்து ஊட்டும்போதும் அதையே கேட்டார். இன்னும் கோபம் தீரவில்லை போலிருக்கிறது என்று, வாயில் சோற்றோடு, பயந்து பயந்து பதில் சொன்னேன்.