பினாங்கில் ஒரு பகல்

திருப்பாலைக்குடியில் ஹமீதா பானு கடைத்தெருவுக்குக்கூட அதிகம் போனவள் இல்லை. 1955-இல், சிங்கப்பூரில் வேலை பார்த்த கணவர் அகமது கபீரிடம் போகக் கப்பலேறினாள். நாகப்பட்டினத்தில் கிளம்பிய கப்பல் ஒரு வாரம் கழித்துக் காலையில் பினாங்கில் கரையணைந்தது. மாலை நான்கு மணிக்குத்தான் மறுபடி புறப்படும் என்றார்கள்.

அங்கே இறங்குவதென்று அவள் ஊரிலேயே முடிவு செய்திருந்தாள். ஜப்பான்காரன் ஆண்ட சண்டைக் காலத்தில் கபீர் பினாங்கில் காய்ச்சலில் விழுந்து கிடந்தார். சொந்தமென்று அங்கே ஒருவரும் இல்லை. துறைமுகக் கூலிகளின் குடியிருப்பிலிருந்த சோணையம்மாள் என்ற, ஊர்ப்பக்கத்து ஆர்.எஸ்.மங்கலத்துக்காரிதான் தன் வீட்டில் படுக்கவைத்து, அரிசி கிடைக்காத அந்த நாட்களில் மரவள்ளிக் கிழங்கைக் கரைத்து ஊட்டி உயிரை மீட்டாள். கபீர் பின்னால் போட்ட கடிதங்களுக்குப் பதிலே வரவில்லை.

"இம்புட்டுப் பெரிய ஊருல எங்கன போயித் தேடுவே? பேசாமக் கப்பல்லயே இரு" என்றார் துணைக்கு வந்த ஊர்க்காரர் மீரா சாகிபு.

"வாசல் வரைக்கும் வந்துட்டுப் பாக்காமப் போனா மனசு ஆறாது மாமா."

அவர் முணுமுணுத்துக்கொண்டே கூட வந்தார்.

மூட்டை ஏற்றிய லாரிகளும் சைக்கிள் ரிக்‌ஷாக்களும் சீனர் கடைகளுமாக இருந்த தெருவில் ஹமீதா முக்காட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். தமிழ் பேசிய சுமைகூலிகளிடமெல்லாம் விசாரித்தாள். நண்பகல் தாண்டியபோது ஒருவர் கைகாட்டினார். குழாயடிக்கு அருகே ஆப்பம் சுட்டுக்கொண்டிருந்தாள் சோணையம்மாள்.

ஹமீதா எல்லாவற்றையும் சொன்னாள். கிழவி நெற்றியைச் சுருக்கினாள்.

"அப்ப எங்க வீட்டுல நாலஞ்சு பேரு கெடந்தாக தாயி. உங்க வீட்டுக்காரரு யாருன்னு எனக்கு நெனவில்லையே. எந்திரிச்சுப் போனவுக ஒருத்தரும் திரும்பி வரல, ஒரு கடுதாசியும் வந்து சேரல. எல்லாரும் செத்துட்டாகன்னே நெனச்சேன்."

"அவுக நல்லா இருக்காக ஆத்தா. அதச் சொல்லத்தான் வந்தேன்."

சோணையம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். "நெசமாவா?" என்று இரண்டு தரம் கேட்டாள். பிறகு மாவுக் கையோடு ஹமீதாவின் கன்னத்தைத் தொட்டாள். ஹமீதா ஊரிலிருந்து கொண்டுபோயிருந்த சீலாக் கருவாட்டை வாங்கி முகர்ந்து பார்த்தபோது அவளுக்குக் கண் கலங்கியது.

"எங்கூருக் கம்மாய் பெருகிருக்கா?"

"இந்த வருசம் நெறஞ்சு மறுகால் போச்சாம்."

"அங்கன என் தங்கச்சி உமையாள் இருக்கா. சண்டையில தபால் நின்னு போச்சு. அப்புறம் எழுதிக் குடுக்க ஆளில்ல, அப்படியே விட்டுட்டேன்."

"நாங்க சொல்லி விடுறோம்" என்றாள் ஹமீதா.

கடைசிச் சங்கு ஊதும்போதுதான் இருவரும் கப்பலுக்கு ஓடி வந்தார்கள். மீரா சாகிபின் கையில் ஆப்பப் பொட்டலம் இருந்தது. "நல்லவேளை வந்தேன்" என்றார் அவர்.

சிங்கப்பூரில் கபீர் எல்லாவற்றையும் கேட்டார். அன்றே ஊரிலிருந்த தம்பிக்குக் கடிதம் எழுதினார். தம்பி பஸ் ஏறி ஆர்.எஸ்.மங்கலம் போய் உமையாளைக் கண்டுபிடித்தார். "அக்காவுக்குக் கருமாதியே முடிச்சிட்டமே அய்யா" என்று அவள் கதறினாளாம்.

மறு வருடமே சோணையம்மாள் ஊர் திரும்பினாள். கபீரும் ஹமீதாவும் விடுமுறையில் வந்தபோது அவளைத் தேடிப் போனார்கள். நேரில் பார்த்தும் கபீரை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. அதற்காக வருந்தவும் இல்லை. "யாரா இருந்தா என்ன, உக்காருங்க தம்பி" என்று சொல்லி இலை போட்டாள்.