வரைபடத்தின் கரும்பச்சை

பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடைக்காது என்பார்கள். அலோசியசுக்குப் போசனமும் கிடைத்தது, ஹம்பேர்க்கில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவும் வேலையும் கிடைத்தது. மனைவிதான் கிடைக்கவில்லை. 1991இல் அகதி விசாரணையில், தனி ஆளென்றால் சுலபமாக ஏற்றுக்கொள்வார்கள் என்று எவனோ ஓர் அறிவாளி சொன்னதை நம்பி, தனக்குக் கலியாணம் ஆகவில்லை என்று சொல்லிவிட்டான். அப்போது கொறற்றி மன்னாரில் அவன் கட்டிய தாலியோடு இருந்தாள். பொய்யைத் திருத்தப் போனால் இருக்கிற விசாவும் பறிபோய்விடுமென்று பயந்தான்.

முறைப்படி கூப்பிட வழியில்லை. இரண்டு வருடம் கழித்து, ஆள் அனுப்பும் செல்வரட்ணத்தைப் பிடித்து ஆபிரிக்கா வழியாக அவளைக் கூப்பிட்டான். பாதி வழியில் பயணம் நின்றது.

"தம்பி, ரெண்டு மாசம் பிந்தும்" என்றார் செல்வரட்ணம் தொலைபேசியில். "நகரத்திலை ஒரு அறைக்குள்ளை பன்னிரண்டு பேரோடை விடவோ? இல்லாட்டி உள்ளுக்கை உப்பளத்தடியிலை ஒரு சின்ன ஊர் இருக்கு, தனி வீடு. நீர்தான் சொல்லவேணும்."

பழைய சாமான் சந்தையில் வாங்கிய பள்ளிக்கூட வரைபடப் புத்தகத்தை அலோசியஸ் விரித்தான். நகரம் மண்ணிறத்தில் கிடந்தது. செல்வரட்ணம் சொன்ன அந்தக் குட்டி ஊர்ப்பக்கம் நல்ல கரும்பச்சை. மன்னார்ப் பொட்டலில் வெந்து வளர்ந்தவனுக்குப் பச்சை என்றால் மரம், மரம் என்றால் நிழல்.

"அந்த ஊரிலையே விடுங்கோ அண்ணை. மரமெல்லாம் இருக்கு, பயப்பிடாமல் போகச் சொல்லுங்கோ."

தன் கெட்டித்தனத்தை நினைத்து அன்று நிம்மதியாகச் சாப்பிட்டான்.

ஒன்பதாம் நாள் கொறற்றி எடுத்தாள். அந்த ஊரில் உப்பளக் கந்தோரில் மட்டும்தான் தொலைபேசி.

"இஞ்சருங்கோ, மரமிருக்கெண்டு நீங்கள்தானே சொல்லிவிட்டனீங்கள்? ஒரு செடியும் இல்லை. இருபது வீடுதான். குடிக்கிற தண்ணியே கொதிக்குது. கடலைவிடப் பள்ளமாம் இந்த இடம். என்னை எடுங்கோ, எனக்கு ஏலாது."

மேல்வீட்டுப் பிறேமா அக்காவுக்கு ஜெர்மன் வாசிக்கத் தெரியும். புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினான். அவர் பக்கத்தின் மூலையில் இருந்த நிறக் குறிப்பை வாசித்தார்.

"இது மரமில்லைத் தம்பி. நிலத்தின்ரை உயரம். மேடெண்டால் மண்ணிறம், பள்ளமெண்டால் பச்சை. கரும்பச்சை எண்டால் சரியான பள்ளம்."

அலோசியஸ் கீழே ஓடிவந்து தொலைபேசியை எடுத்தான். செல்வரட்ணத்திடம் அழுதான், கெஞ்சினான், கடைசியில் திட்டியும் பார்த்தான். அந்தப் பக்கம் லொறி போக இன்னும் பத்து நாள் என்றார் அவர். பத்தாம் நாள் லொறி போனது. வெக்கை தாங்காமல் கொறற்றி இறந்து நான்கு நாளாகியிருந்தது. அந்த வெக்கையில் வைத்திருக்க ஏலாதென்று உப்பளத்து ஆட்கள் அன்றைக்கே புதைத்துவிட்டார்கள்.

நான் அவளைக் கொன்றுவிட்டேன் என்று சுவரைப் பார்த்துச் சொன்னான். மறுநாள், வேறு எங்கே போவதென்று தெரியாமல் வேலைக்குப் போனான்.

அவன் அழுவதை முதலாளி கண்டார். மனைவி செத்துப்போனாள், மூன்று நாள் விடுப்பு வேண்டும் என்று தெரிந்த ஜெர்மனில் கேட்டான். முதலாளி கெட்டவரல்ல. இழவு விடுப்புக்குப் பதிய வேண்டுமென்று அவனுடைய வரி அட்டையை எடுத்துப் பார்த்தார்.

"உனக்குக் கல்யாணம் ஆகவில்லை என்றல்லவா இருக்கிறது? ஆகியிருக்கிறதா, இல்லையா?"

அலோசியசுக்கு அந்த விசாரணை அறை ஞாபகம் வந்தது. விசாவும் ஞாபகம் வந்தது.

"இல்லை" என்றான், இரண்டாம் முறையாக.