சட்டையில் இருந்த வசனம்

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் பூண்டு உரிப்பது சாலமோனின் வேலை. குரோம்பேட்டை வீட்டுச் சமையலறையில் அன்றும் உரித்துக்கொண்டிருந்தார். கறி கழுவிக்கொண்டே மகள் பிளஸ்ஸி கேட்டாள்.

"சர்ச்ல சாட்சி சொன்னீங்களேப்பா, பாங்காக் ஹோட்டல்ல ஒரு பொண்ணு வலை விரிச்சா, கர்த்தர் காப்பாத்தினாருன்னு. அவ என்னதான் சொன்னா?"

சபையாரோடு போன வாரம்தான் டூர் போய் வந்திருந்தார்.

"லிஃப்ட்ல ரெண்டு ஆளுங்க நடுவுல நின்னா. சின்னப் பொண்ணு. என் டி-ஷர்ட்டப் பாத்துட்டு, 'அண்ணா, என் பாஸ்போர்ட்ட இவங்க புடுங்கி வச்சிருக்காங்க'ன்னா."

"தமிழ்லயா?"

"ம்."

"நீங்க?"

"தமிழ் தெரியாதுன்னு இங்கிலீஷ்ல சொல்லிட்டேன்."

அந்தச் சட்டையின் நெஞ்சில் சபையின் பெயரும் வசனமும் கொட்டைத் தமிழ் எழுத்தில் இருந்தன. அதைப் படித்துத்தான் அவள் வாயைத் திறந்திருந்தாள். காலையில் அவர் சாட்சி சொல்லி முடித்தபோது சபையே அல்லேலூயா சொன்னது.

"அவங்க ரெண்டு பேரும்மா. நான் ஒத்த ஆளு எப்படிச் சண்டை போடறது?"

"உங்கள யாரு சண்டைக்குப் போகச் சொன்னா? போனா அவளத்தான் அடிப்பாங்க. வெளிய வந்து போலீசுக்கோ நம்ம எம்பஸிக்கோ ஒரு போன், அவ்ளோதான்பா." கையைத் துடைத்துக்கொண்டு செல்போனை எடுத்தாள். "ஹோட்டல் பேரு, எந்த மாடி, ஆளுங்க எப்படி இருந்தாங்க, சொல்லுங்க. இப்பவாவது சொல்லிடலாம்."

ஒன்றுவிடாமல் நினைவிருந்தது. சொல்லச் சொல்ல அவருக்குக் கூசியது.

"என் பேரையும் சொல்லணுமாம்மா?"

பிளஸ்ஸி போனைக் காதில் வைத்தபடி முன்னறைக்குப் போய்விட்டாள்.