நூல் விலைக்குப் பக்கத்தில் பனிமலை

"பயனாளரின் சொந்த விவரங்கள் அவரது சம்மதமின்றி எவருக்கும் தெரிவிக்கப்பட மாட்டா." அந்தப் பயண இணையதளத்தின் தனியுரிமைக் கொள்கை, பிரிவு நான்கு. அதைக் கடைசி வரி வரை படித்தவன் இந்த மாவட்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அரசுப் பணியில் விதிகளோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவனுக்கு வேறு பொழுதுபோக்கு ஏது?

2009 முடியும் நேரம். என் மனைவி முதலிபாளையத்தில் பனியன் கம்பெனி நடத்தி வந்தார். குளிர் நாடுகளுக்குப் பிளீஸ் என்னும் பஞ்சு போன்ற துணியில் ஜாக்கெட் தைத்து அனுப்புபவர், ஊட்டியைத் தாண்டிக் குளிர் பார்த்ததில்லை. எங்கே கூப்பிட்டாலும் "ஷிப்மென்ட் இருக்குதுங்க" என்பார். ஆகவே டிக்கெட்டை எடுத்துவிட்டுச் சொல்வதென்று முடிவு செய்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவருடைய கம்பெனிக் கம்ப்யூட்டரிலேயே மணாலி தேனிலவுப் பயணத்தைத் தேடினேன். தேனிலவுக்கு மட்டும் தள்ளுபடி இருந்தது. வயது வரம்பு பற்றி விதிகளில் ஒன்றும் இல்லை.

மறுநாள் முதல் அந்தக் கம்ப்யூட்டரில் எதைத் திறந்தாலும் ஓரத்தில் பனிமலை, கட்டிப்பிடித்தபடி ஒரு ஜோடி. நூல் விலை பார்த்தாலும் அதே ஜோடி. தேடியது யார் என்பது விளம்பரத்துக்குப் பொருட்டில்லை. எந்தக் கம்ப்யூட்டர் என்று தெரிந்தால் போதும்.

ஆர்டர்களைக் கவனிக்கும் திருநெல்வேலிப் பெண்ணை மனைவி பிடித்துக்கொண்டார்.

"ஏங்கண்ணு, கல்யாணம் முடிவாயிருச்சா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே!"

"ஐயோ, எனக்கு இன்னும் மாப்பிள்ளையே பாக்கலக்கா! மத்தியானம் இந்தச் சேர்ல உக்காருறது சார் மட்டுந்தான்."

இருவரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

"ஏனுங்க, ஆரு கூடங்க தேனிலவு?"

"உன்கூடத்தான் அம்மிணி. வேற ஆள் கெடைக்கல."

அந்தப் பெண் ஒரு ஜாக்கெட்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். மனைவி சிரிக்கவில்லை. திரையில் இருந்த பனியையே பார்த்துக்கொண்டிருந்தார். பயணம் அதோடு ரத்து என்று நினைத்தேன்.

"பொங்கலுக்குப் பசங்கெல்லாம் ஊருக்குப் போயிருவாங்க, கம்பெனி பூட்டித்தானுங்க கெடக்கும். நம்ம பிளீஸு நெசமாலுமே குளுரு தாங்குதான்னு ஒருக்கா பாத்தரலாம்."

இருந்தாலும் விதி விதிதான். பிரிவு நான்கைச் சுட்டிப் புகார் அனுப்பினேன். பிறகு ஒரு நினைவூட்டல்.

"காரியந்தான் ஆயிருச்சுல்லங்க, இன்னும் எதுக்குப் புகாரு?"

"தேனிலவுங்கறதால சிரிப்போட போச்சு. டாக்டர்கிட்ட மட்டும் சொல்ற சங்கதியத் தேடியிருந்தா?"

கீபோர்டை என் பக்கம் தள்ளினார். "அப்ப இன்னொரு நினைவூட்டலும் போடுங்க."

மணாலியில் இடுப்பு வரை பனியில் உட்கார்ந்து, ஜாக்கெட்டின் ஜிப்பைக் கழுத்து வரை இழுத்து, கம்பெனியில் தரம் பார்ப்பதைப் போலவே தையலைச் சுண்டிப் பார்த்துவிட்டு, "பீஸ் பாஸுங்க!" என்று கத்தினார். சுற்றியிருந்த புது ஜோடிகள் கை தட்டினார்கள்.

ஊர் திரும்பித்தான் பதிலைப் பார்த்தேன். "விளம்பரம் காட்டும்போது தாங்கள் யார் என்பது எங்களுக்குத் தெரியாது. எனவே தங்கள் தனியுரிமை பாதுகாப்பாக உள்ளது." என் தேனிலவு தையல் மெஷின் வரை தெரிந்திருந்த கம்பெனியில் அதை உரக்க வாசித்துக் காட்டினேன். நாங்கள் பனியில் உருண்ட அதே நாளில், அரசு விடுமுறையிலும் கடமை தவறாமல் அனுப்பியிருக்கிறார்கள்: தை இரண்டு, மாட்டுப் பொங்கல்.