ஆறு நாள் வாழை இலை

கிளாஸ்கோவில் வியாழக்கிழமை மதியங்களில், ஒரு தேவாலயத்தை ஒட்டிய கூடத்தில் நாங்கள் பன்னிரண்டு பேர் கூடுவோம். எல்லோருக்கும் எச்.ஐ.வி. இருக்கிறது. எங்களில் ஒருத்தியான மொய்ரா என் கோப்பையை எடுத்து மீதித் தேநீரைக் குடித்துவிட்டு, சர்க்கரை அதிகம் என்று முகத்தைச் சுளிப்பாள். இங்கே முதியோர் இல்ல வேலைக்கு வந்து மூன்று வருஷமாகியும் இது எனக்குப் பழகவில்லை. தண்ணீரைக்கூட அண்ணாந்து குடிக்கிற திருச்சிக்காரி நான். ஒவ்வொரு முறையும் கோப்பையைப் பிடுங்கக் கை போகும்.

எனக்கு எப்படி வந்தது என்று இந்நேரம் மனசுக்குள் கேட்டிருப்பீர்கள். ஊரில் முதல் கேள்வியே அதுதான். சர்க்கரை வியாதிக்காரரிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை. நான் சொல்லப்போவதில்லை.

ஒரு வியாழக்கிழமை மொய்ரா என் போனில் படங்களைத் தள்ளிப் பார்த்தாள். பொங்கலுக்கு ஸ்ரீரங்கத்தில் அண்ணன் வீட்டில் ஆறு நாள் தங்கியபோது எடுத்தவை. இட்லி, சாம்பார் சாதம், தயிர் சாதம், எல்லாமே வாழை இலையில். “தினமும் புது இலையா? உன்னை ராணி மாதிரி பார்த்துக்கொள்கிறார்களே!” என்றாள். விளக்கிச் சொல்ல என் ஆங்கிலமும் போதாது, மனசும் வரவில்லை. ஆமாம் என்று தலையாட்டினேன்.

முதல் நாலு நாள் நானும் அப்படித்தான் நினைத்தேன். சீமையிலிருந்து வந்த நாத்தனாருக்கு அண்ணி மரியாதை செய்கிறார் என்று பூரித்துப்போனேன். மற்றவர்கள் தட்டில் சாப்பிட்டார்கள். எனக்கு மட்டும் தண்ணீர் காகிதக் கப்பில் வந்தது. அப்போதும் உறைக்கவில்லை, மரமண்டை. ஐந்தாம் நாள் காலையில் அண்ணி கடைக்குப் போயிருந்தார். எனக்கோ பசி. அடுப்படியில் நானே ஒரு தட்டை எடுத்து உப்புமா போட்டுச் சாப்பிட்டேன். அப்பாவின் பெயர் வெட்டிய எவர்சில்வர் தட்டு அது, நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து வீட்டில் இருப்பது. கழுவிக் கவிழ்த்து வைத்தேன். சாயங்காலம் கொல்லைப்புறக் குப்பைக்கூடையில் கிடந்தது.

அண்ணனுக்கு விஷயம் முன்பே தெரியும். நான் இங்கே வருவதற்கு முன், ஊரில் நோய் தெரிந்தபோது, “வீட்லேர்ந்து கூட ஒரு ஆளைக் கூட்டிட்டு வாங்க” என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மாத்திரை தொடங்கும் முன் வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டுமாம், விடாமல் சாப்பிட வைக்க. அண்ணனை விட்டால் எனக்கு யார்? வந்தார். ஒரே தட்டில் சாப்பிட்டாலும் தொற்றாது என்று டாக்டர் சொன்னதைப் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டார். திரும்பும்போது பஸ் காவிரிப் பாலம் தாண்டும்வரை என் கையை விடவில்லை. அந்தக் கையை நம்பித்தான் ஒரு வேளைகூடத் தவறாமல் மாத்திரை விழுங்கினேன்.

குப்பைக்கூடையிலிருந்து தட்டை எடுத்துத் தேய்த்துக் கழுவி அண்ணன் முன்னால் வைத்தேன்.

“உங்க அண்ணி பயப்படுறா புவனா. புள்ளைங்க இருக்கிற வீடு.”

“டாக்டர் சொன்னப்ப நீங்க பக்கத்துலதானேண்ணே இருந்தீங்க?”

“இருந்தேன், இல்லேங்கல. அது ஆஸ்பத்திரி. இது வீடும்மா.”

“அப்ப உங்களுக்கும் பயமா?”

அடுப்படியிலிருந்து அண்ணிதான் சொன்னார்: “இலையில சாப்பிட்டா உடம்புக்கு நல்லதுதானே?”

ஆறாம் நாளும் இலையில்தான் சாப்பிட்டேன். ரோஷமிருந்தால் எழுந்து போயிருக்க வேண்டும். போவதற்கு ஊரில் எனக்கு வேறு வீடு கிடையாது.

இங்கே திரும்பியதும் மாத்திரை டப்பாவைத் திறக்கவே பிடிக்கவில்லை. யாருக்காக என்று இருந்தது. இரண்டு மாதம் விழுங்கவில்லை. ரத்தத்தில் அடங்கிக் கிடந்த கிருமி தலைதூக்கிவிட்டது, உடம்பும் இளைத்தது. “யாரோடு சேர்ந்து சாப்பிடுகிறீர்கள்?” என்று மருத்துவமனையில் நர்ஸ் கேட்டாள். எனக்குச் சுரீரென்றது. “கவலைப்படாதீர்கள், என் தட்டு தனித் தட்டுதான்” என்று கத்தினேன். அவள் ஒன்றும் விளங்காமல் விழித்தாள். நான் தனியாக இருக்கிறேனே என்று கேட்டிருக்கிறாள், பாவம். மாத்திரையை விட்டதை அந்த வியாழக்கிழமை மொய்ராவிடம் சொன்னேன். அன்றிலிருந்து அவள் தினமும் காலை எட்டு மணிக்குப் போன் செய்து, விழுங்கினாயா என்று கேட்கிறாள். என் பெயரை இன்னும் பூவானா என்றுதான் சொல்கிறாள். கிருமி மறுபடி அடங்கிவிட்டது. நன்றி இல்லாமல் இல்லை. ஆனால் அந்தப் போன் ஸ்ரீரங்கத்திலிருந்து வரவில்லையே என்று தினமும் எட்டு மணிக்கு வயிறு எரிகிறது.

நேற்று மருத்துவமனையில் ஒரு படிவத்தை நிரப்பச் சொன்னார்கள். அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்ற இடத்தில் மொய்ராவின் பெயரை எழுதினேன். இறந்தால் யாருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அடுத்த கேள்வி. அதில் அண்ணனின் பெயரையும் ஸ்ரீரங்கத்து முகவரியையும், கதவு எண்ணைக்கூட விடாமல் எழுதினேன். காவிரியில் கரைக்க என் சாம்பலை வாங்கிக்கொள்வார். வெறுங்கையாலேயே வாங்குவார்.