சகலைக்குக் கொடுத்த மாத்திரை அட்டை

போன ஞாயிற்றுக்கிழமை திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரி வார்டு. கட்டிலில் என் சகலை சேகர் — மனைவியின் தங்கை கணவர். கீழப்பழுவூரில் பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிறவர். நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புள் தாண்டி நீளமாக ஒரு கட்டு. வயிற்றில் கேன்சர், இரைப்பையில் முக்கால்வாசியை எடுத்துவிட்டார்கள். இனிமேல் கீமோ.

"ஒங்க மாத்திரை எனக்குக் கேக்கலண்ணே" என்றார் மெதுவாக. "ஒங்களுக்கு வந்தது நல்ல அல்சர். என்னுது மோசம்."

நான் ஜன்னலைப் பார்த்தேன். வேறு எங்கே பார்ப்பது?

ஏனென்றால் எனக்கு வந்தது அல்சரே இல்லை.

போன வருஷம் சாப்பிட்டதும் வயிறு திம்மென்று இருக்கிறதே என்று எண்டோஸ்கோபி செய்யப் போனேன். உள்ளே சின்னதாக ஒரு திட்டு. கிள்ளி எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினார்கள். கேன்சர்! டாக்டரோ சிரித்தார்.

"சீக்கிரமா வந்துட்டீங்க சார். மேல் படலத்தோட நிக்குது. வயித்தைக் கிழிக்கவே வேண்டாம். வாய் வழியா ட்யூபை விட்டு அந்த எடத்தை மட்டும் எடுத்துடலாம்."

எடுத்தும் விட்டார்... உருளைக்கிழங்கில் கெட்டுப்போன இடத்தை மட்டும் சீவுகிற மாதிரி. சில நாளில் வீட்டில் ரசஞ்சாதம். தையல் இல்லை, தழும்பு இல்லை. எடுத்த இடம் ஆறுவதற்குச் சில வாரம் மாத்திரை. அவ்வளவுதான்.

தழும்பு இல்லையா — பொய் சொல்ல வசதியாகப் போய்விட்டது. பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். 'அந்தக் குடும்பத்துல அது இருக்காம்' என்று ஒரு வாய் சொன்னால் போதாதா? அரியலூரில் ஆரம்பித்து உடையார்பாளையம் வரை போய்விடுமே! அல்சர் என்று சொல்லிவிட்டேன். "என் தங்கச்சிகிட்டயாவது சொல்லிடுறேங்க" என்று மனைவி கெஞ்சினாள். வாயைத் திறக்காதே என்று அதட்டியது நான்தான்.

சேகர் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக என்னைப் பார்க்க வந்தார்.

"எனக்குந்தாண்ணே கொஞ்ச நாளா நாலு வாய் தின்னதும் அடைச்சுக்குது. ஒங்களுக்கு எப்படிச் சரியாச்சு?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். கூடத்தில் நாங்கள் இருவர்தான். நான் என்ன செய்தேன் தெரியுமா? "மாத்திரையிலயே போயிட்டு சகலை!" என்று தீர்ந்துபோன அட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

அந்த அட்டையை மெடிக்கலில் காட்டிக் காட்டி எட்டு மாதம் வாங்கித் தின்றிருக்கிறார் மனுஷன். எரிச்சல் கொஞ்சம் அடங்குமாம். அடங்கியதும் வயலுக்குப் போய்விடுவாராம். சோறு இறங்காமல் வாந்தி எடுத்த பிறகுதான் டாக்டரிடமே போயிருக்கிறார். என்னைவிட ஏழு வயது சின்னவர்.

வார்டிலேயே சொல்லிவிட்டேன். திக்கித் திணறித்தான் சொன்னேன். டிபன் கேரியரைத் திறந்துகொண்டிருந்த கொழுந்தியாள் அப்படியே நின்றுவிட்டாள்.

"எங்ககிட்ட கூடவா மாமா?"

சேகர் என் பக்கம் திரும்பினார்.

"பரவால்லண்ணே. பாப்பாவுக்கு நல்ல எடமா அமைஞ்சுட்டுல்ல..."

திட்டியிருந்தால் தேவலை. பஸ்ஸில் ஊர் திரும்பும்வரை, கூட வந்திருந்த மனைவியின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மூட்டுவலி முதல் பல்செட் வரை வாராவாரம் இந்தப் பக்கத்தில் உங்களிடம் ஒப்பிக்கிறவன் நான். இதை மட்டும் உங்களிடமும் அல்சர் என்றுதான் எழுதினேன். மாத்திரையில் குணமானதாகப் பெருமை வேறு. அதைப் படித்துவிட்டு எத்தனை பேர் மெடிக்கல் கடையோடு நின்றுவிட்டீர்களோ... நினைத்தாலே கூசுகிறது. எனக்கு வந்தது கேன்சர். அது மாத்திரையில் போகவில்லை.

வயிறு ஒரு மாதிரி இருந்தால் டாக்டரைக் கேளுங்கள் — என்னைக் கேட்காதீர்கள்.