ரிம்மா மொழிபெயர்த்த விளக்குகள்

லினன் ஆலையில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ரிம்மா அர்காத்யெவ்னாவுக்கு ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு. அதாவது, படிக்கிற வரைக்கும். இங்கிலாந்திலிருந்து வந்த நூற்பு இயந்திரங்களின் கையேடுகளை ரஷ்ய மொழிக்குக் கொண்டுவருவதிலேயே அவளுடைய இருபத்தைந்து வயதும் போயிற்று, நாற்பது வயதும் போயிற்று. எந்த உருளை எங்கே சுற்றும், எந்தத் திருகாணியை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவாள். ஆனால் ஓர் ஆங்கிலேயனைக்கூட அவள் நேரில் பார்த்ததில்லை. இயந்திரங்கள் வந்தன, மனிதர்கள் வரவில்லை.

"என் ஆங்கிலத்துக்குக் கை மட்டும்தான் உண்டு, வாய் கிடையாது" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். சிரித்தாலும் அது உறுத்தத்தான் செய்தது. பேருந்து ஓட்டும் அவள் கணவன் யெஃபிம், அவள் பல் தேய்க்கும்போது கண்ணாடியைப் பார்த்து ஆங்கிலத்தில் நலம் விசாரிப்பதைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறான். கேட்டதாகக் காட்டிக்கொண்டதில்லை.

தொண்ணூற்று நான்காம் வருடம் ஆலை பாதி நாள் மூடிக் கிடந்தது. சம்பளத்துக்குப் பதில் மேசைத்துணி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பனி இளகத் தொடங்கிய ஒரு நாள், ஆலைத் தொழிலாளர் மன்றத்தின் இயக்குநர் வலேரி பங்கிராத்தொவிச் கையில் ஒரு ஃபேக்ஸ் தாளோடு அவள் அறைக்குள் புயல்போல நுழைந்தார். கோஸ்த்ரோமா ஊர் முழுக்கக் கேட்கும் குரல் அவருக்கு.

"ரிம்மா அர்காத்யெவ்னா, இங்கிலாந்துலேர்ந்து நாடகக் குழு வருது! நம்ம மன்றத்துக்கு! நீங்கதான் எல்லாம். மைக்குல ரஷ்ய வசனமும் நீங்கதான் சொல்லணும்."

"எல்லாம்னா? பேசறதுமா?"

"பின்ன? அவங்க பெட்டியைத் தூக்கிட்டுப் போறதுக்கா உங்களைக் கூப்பிடறேன்? முதல்ல இதைப் படிங்க. விளக்கு விஷயமாம். நம்ம குஸ்மிச் கேட்டுக் கேட்டு உயிரை வாங்கறாரு."

குஸ்மிச் மன்றத்தின் மின்சாரக்காரர். அவரும் பின்னாலேயே வந்து கதவில் சாய்ந்து நின்றார். ரிம்மா ஃபேக்ஸைப் படித்தாள். முதலில் ஸ்பாட்லைட், அடுத்து ஃப்ளட்லைட். ரஷ்ய மொழியில் ஒளி பாய்ச்சும் பெரிய விளக்கு எல்லாமே 'புரொஜெக்டர்'தான்; அகராதியைப் பார்க்காமலே இரண்டுக்கும் அதையே சொன்னாள்.

"ரெண்டுக்கும் ஒரே பேரா?" என்றார் குஸ்மிச். "நல்லதாப் போச்சு. எங்கிட்ட ரயில்வே யார்டுலேர்ந்து வந்த ரெண்டு புரொஜெக்டர் கெடக்கு. அவங்க எதைக் கேட்டாலும் அதைத்தான் போடப்போறேன்."

அதற்குப் பிறகு வந்தது அந்தச் சொல். 'கடைசிக் காட்சிக்கு ஹவுஸ்லைட்ஸ் வேண்டும். உங்களிடம் எத்தனை இருக்கிறதோ அத்தனையும். மெதுவாக ஏற்ற வேண்டும்.'

ரிம்மா பெரிய அகராதியைப் புரட்டினாள். ஹவுஸ் இருந்தது, ஹவுஸ்வைஃப் இருந்தது, ஹவுஸ்லைட் இல்லை. தொழில்நுட்ப அகராதியிலும் இல்லை. சொல்லைத் திருப்பிப் போட்டால் லைட்ஹவுஸ் வருகிறது. அது மயாக், கலங்கரை விளக்கம்.

"அதேதான்!" என்று குதித்தார் வலேரி பங்கிராத்தொவிச். "மீனவர்களைப் பத்தின நாடகம்னு எழுதியிருக்காங்க. டைப் அடிக்கும்போது முன்னே பின்னே ஆயிருக்கும். ஒட்டுப்பலகையில பிரமாதமா ஒரு மயாக் கட்டிடலாம்."

"எத்தனை இருக்கோ அத்தனையும்னு கேக்கறாங்களே. எந்த ஊர் மன்றத்துல நாலஞ்சு மயாக் இருக்கும்?"

குஸ்மிச் மீசைக்குள் சிரித்தார்.

ரிம்மா மறுபடி யோசித்தாள். ஹவுஸ் என்றால் வீடு. லைட் என்றால் விளக்கு. மீனவர்களுக்காகக் காத்திருக்கும் பெண்கள், கடைசியில் அவரவர் வீட்டில் ஏற்றி வைக்கும் விளக்குகள். மேடை நிறைய வீட்டு விளக்குகள்! நினைத்தபோதே அவளுக்குப் புல்லரித்தது. தாளில் அழுத்தமாக எழுதினாள்: 'வீட்டு விளக்குகள். முடிந்தவரை அதிகம்.'

"நம்மகிட்ட ஒண்ணுகூட இல்லையே" என்றார் இயக்குநர்.

"மன்றத்துல இல்ல. ஊர்ல இருக்கே."

ஊர் வானொலியில் அறிவித்தார்கள். நாடகத்துக்கு மேசை விளக்கும் படுக்கை விளக்கும் தேவை, இரண்டு நாள் இரவல் கொடுத்தால் போதும். யாரும் கொடுக்க மாட்டார்கள் என்று வலேரி பங்கிராத்தொவிச் அடித்துச் சொன்னார். ஆனால் மறுநாள் காலையில் யெஃபிமின் பேருந்து நிறுத்தங்களில் ஆட்களோடு விளக்குகளும் நின்றன. ஆரஞ்சுப் பட்டு உறையும் குஞ்சமும் வைத்தவை, பச்சைக் கண்ணாடி மூடி போட்டவை, யால்த்தா கடற்கரைக்குப் போன யாரோ வாங்கி வந்த சிப்பி விளக்கு, காளான் வடிவம், கண் மட்டும் எரியும் ஒரு பீங்கான் ஆந்தை. பேருந்தின் பின் இருக்கைகளில் விளக்குகளை உட்காரவைத்து, குலுங்காமல் இருக்க இடையிடையே ரிம்மாவின் மேசைத்துணிகளை அடைத்து, யெஃபிம் ஆமை வேகத்தில் ஓட்டிக்கொண்டு போனான்.

"என்ன மாப்ள, விளக்குக்கெல்லாம் டிக்கெட் குடுத்தியா?" என்று ஏறியவர்கள் கேலி செய்தார்கள்.

"அதுங்க சத்தமில்லாம வருது. உங்களை மாதிரியா?"

பக்கத்து வீட்டு ஸோயா மட்டும் கொடுக்கும்போது முணுமுணுத்தாள். "ரிம்மா, வெளிநாட்டுக்காரங்க நம்ம பழைய லாம்ப் உறையைப் பாத்துச் சிரிக்கப்போறாங்க. மானம் போச்சுன்னா உன் தலையிலதான்."

"அவங்கதானே கேட்டிருக்காங்க" என்றாள் ரிம்மா.

சனிக்கிழமை மதியம் குழு வந்து இறங்கியது. அதன் இயக்குநர் ஐரிஸ் தார்ன்டன் நெடுநெடுவென்று உயரமான பெண்மணி. சேறும் பனியுமான சாலைக்கு ஏற்ற மஞ்சள் ரப்பர் காலணி போட்டிருந்தார். அரங்குக்குள் நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார். மேடை முழுக்க விளக்குகள். கால் வைக்க இடமில்லை.

"இதெல்லாம் என்ன?" என்று கேட்டார்.

எத்தனை வருடமாக ஒத்திகை பார்த்த வாய்! எப்படியோ சொல்லிவிட்டாள்: "நீங்க கேட்டதுதான். ஹவுஸ்லைட்ஸ்."

ஐரிஸ் விளக்குகளைப் பார்த்தார், ரிம்மாவைப் பார்த்தார். பிறகு மெல்ல, அவளை நோகடிக்காத குரலில் சொன்னார். "நாடகக்காரங்க பேச்சுல 'ஹவுஸ்'னா வீடு இல்லம்மா. ஜனங்க உக்காருற இடம். அந்த இருக்கைகள், அதுல இருக்கிற ஆளுங்க, எல்லாம் சேர்ந்து ஹவுஸ். ஹவுஸ்லைட்ஸ்னா அவங்க தலைக்கு மேல எரியுற விளக்கு."

ஸ்வெத் வ் ஸாலே. அரங்க வெளிச்சம். ரஷ்ய மொழியில் எவ்வளவு சாதாரணமான சொல்! ரிம்மாவின் காது மடல்கள் கொதித்தன. மன்ற இயக்குநருக்கு அவள்தான் அதை மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு சொல்லையும் மாற்றாமல் சொன்னாள். "நான் தப்பா எழுதிட்டேன்" என்பதையும் சேர்த்துச் சொன்னாள்.

"ஊர் பூரா விளக்கைப் பொறுக்கிட்டு வந்து குவிச்சிருக்கோம்!" வலேரி பங்கிராத்தொவிச் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "நாளைக்கு ஜனங்க வந்து, எங்க விளக்கு எங்கன்னு கேட்டா நான் என்ன சொல்றது? தப்பு நடந்துபோச்சு, மூலையில கெடக்குன்னா?"

அதோடு முடியவில்லை. மேலே தொங்கும் அரங்கப் பெருவிளக்கை மெதுவாக ஏற்றிக் காட்டும்படி ஐரிஸ் கேட்டார். குஸ்மிச் சுவரில் இருந்த இரும்புக் கைப்பிடியைக் காட்டினார். மேலே தள்ளினால் எரியும், கீழே இழுத்தால் அணையும். நடுவில் எதுவும் இல்லை. தள்ளிக் காட்டினார். 'டொப்' என்ற சத்தத்தோடு வெளிச்சம் முகத்தில் அறைந்தது.

ஐரிஸ் முன் வரிசையில் போய் உட்கார்ந்தார். "இது சரிப்படாது. விடியற மாதிரி வரணும். அவ்வளவு நேரம் இருட்டுல உக்காந்திருந்தவங்க, கொஞ்சம் கொஞ்சமா ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கணும். நாடகமே அதுக்காகத்தான். இப்படி அடிச்சா எல்லாரும் கண்ணைத்தான் கசக்குவாங்க." கையிலிருந்த வசனத் தாளை மடித்து, "அந்தக் காட்சியை நாடகத்துலேர்ந்தே எடுத்துடறேன்" என்றார்.

ரிம்மா இதை மொழிபெயர்க்கவில்லை. அவள் கண் அரங்கைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. இருபுறமும் ஆளுயர ஜன்னல்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு முழ அகலத்தில் விளிம்புத் திட்டு. மேலே பார்வையாளர் மாடம், அதற்கு நீளமான மரக் கைப்பிடிச் சுவர்.

"குஸ்மிச்! மேடை விளக்கைக் கூட்டிக் குறைக்கிற டிம்மர் இருக்கே, அதுல எடம் இருக்கா?"

"ஒரு வழி சும்மாதான் கெடக்கு. எதுக்கு?"

"இந்த விளக்கெல்லாம் அதுல சேர்த்தா தாங்குமா?"

குஸ்மிச் மேடையைப் பார்த்தார். பிறகு ஜன்னல் திட்டைப் பார்த்தார். மீசை மெல்ல விரிந்தது. "எல்லாம் நாப்பது வாட்டு பல்புதானே. தாராளமாத் தாங்கும். ஏம்மா, உனக்கு மூளை எப்படித்தான் இப்படி வேலை செய்யுது?"

ரிம்மா ஐரிஸ் பக்கம் திரும்பினாள். இலக்கணம் பார்க்கவில்லை, காலம் பார்க்கவில்லை. கையை வீசி வீசிப் பேசினாள். "காட்சியை எடுக்காதீங்க! அங்க வைக்கலாம், ஜன்னல்ல. மேல, மாடத்துல. ஜனங்களைச் சுத்தி. மெதுவா, மெதுவா வரும். உங்க ஹவுஸ், எங்க வீட்டு விளக்கு!" பாதியில் ரஷ்ய மொழிக்குத் தாவிவிட்டாள், திரும்பி வந்தாள். ஐரிஸ் எழுந்து நின்றுவிட்டார்.

இனித் தடையாக இருந்தவர் தீயணைப்பு ஆய்வாளர் ஸவேலி மட்டும்தான். அவர் ஒப்புதல் இல்லாமல் மேடையில் தீக்குச்சிகூடக் கிழிக்க முடியாது. வந்தார், உதட்டைப் பிதுக்கினார். நடைவழியில் கம்பி கூடாது, திரைக்குப் பக்கத்தில் விளக்கு கூடாது, பட்டு உறைக்குள் பெரிய பல்பு கூடாது. ரிம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.

"எனக்கு ஒரு வாளி மணலும் ஒரு நாற்காலியும் வேணும்" என்றார் கடைசியில். "மாடத்துல நானே உக்காந்து பாத்துக்கறேன். நாடகம் பாக்கறதுக்காக இல்ல, சொல்லிட்டேன்."

சனி மாலையும் ஞாயிறு காலையும் குஸ்மிச் ஏணியை விட்டு இறங்கவில்லை. ஆங்கில நடிகர்கள் கம்பிச் சுருளைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே திரிந்தார்கள். ரஷ்ய மொழியில் 'பிடி', 'இழு', 'சூடு' என்று சொல்லக் கற்றுக்கொண்டார்கள். ரிம்மா இரண்டு பக்கமும் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டாள். யெஃபிம் தேனும் சூடான பாலும் ஃபிளாஸ்கில் கொண்டுவந்து, "கண்ணாடிக்கு முன்னாடி பேசினதெல்லாம் இப்ப வட்டியும் முதலுமா வெளிய வருது போல" என்றான்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நம்ம வீட்டுக் கதவு என்ன இரும்பா?"

ஞாயிறு சாயங்காலம் அரங்கு நிரம்பி வழிந்தது. மேடையில் ஒரு விளக்குமில்லை. "எங்களுது எங்க?" என்று தேடிய கண்கள் ஜன்னல்களில் அணைந்து நின்ற வரிசையைப் பார்த்தன. "இதுக்கா கேட்டாங்க? ஜன்னலை அலங்கரிக்கவா?" என்று ஸோயா அக்கம்பக்கத்தில் கேட்பது மைக் அருகே நின்ற ரிம்மாவுக்குக் கேட்டது. திரை விலகியது.

மூடுபனியில் படகுகள் திரும்பாத கதை. கரையில் நான்கு பெண்கள் காத்திருக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், சிரிக்கிறார்கள், ஒருத்தி பாடுகிறாள். ரிம்மாவின் குரல் முதலில் தடுமாறியது. போகப் போக, மேடையில் யார் பேசினாலும் ரிம்மாதான் பேசுகிறாள் என்பதையே கூட்டம் மறந்துவிட்டது. கடைசிக் காட்சியில் மூத்தவள் மேடை விளிம்புக்கு வந்து இருட்டைப் பார்த்தாள்.

"யாரது அங்க?" ரிம்மா ரஷ்ய மொழியில் கேட்டாள். "இவ்வளவு நேரமும் எங்ககூடவே இருந்தீங்களா?"

குஸ்மிச் டிம்மரைத் தொட்டார். ஜன்னல்களில் முதலில் தணல்போலச் சிவப்பு மட்டும் தெரிந்தது. பிறகு ஆரஞ்சு உறைகள் ஊறிவந்தன, பச்சைக் கண்ணாடிகள் விழித்தன, மாடத்தின் விளிம்பு நெடுகச் சிப்பியும் காளானும் ஒவ்வொன்றாகத் துலங்கின. முகங்கள் வந்தன. ஆலைக்காரிகள், பேருந்து ஓட்டுநர்கள், பல வருடம் பேசாமலிருந்த பக்கத்து வீட்டுக்காரர்கள், வாளி மேல் கைவைத்து முன்னால் சாய்ந்திருந்த ஸவேலி.

"கோல்யா! நம்ம ஆந்தைடா!" என்று ஒரு பெண்குரல் வீறிட்டது.

அரங்கு வெடித்தது. சிரிப்பா கைத்தட்டலா என்று பிரிக்க முடியவில்லை. "அந்தப் பச்சை எங்களுது!" "மாடத்துல மூணாவது, எங்க அம்மாவுது!" எல்லோரும் எழுந்து கை நீட்டிக்கொண்டிருந்தார்கள். மூத்தவளாக நடித்தவள் வசனத்தில் இல்லாத ஒரு காரியம் செய்தாள். மேடையிலிருந்து இறங்கி முதல் வரிசைக்காரர்களைக் கட்டிக்கொண்டாள். ஸோயா தன் குஞ்சம் வைத்த விளக்கைப் பார்த்தபடி, "எவ்வளவு லட்சணமா இருக்கு பாரேன்" என்று அழுதுகொண்டிருந்தாள்.

ஐரிஸ் ரிம்மாவின் கையைப் பிடித்து மேடை நடுவுக்கு இழுத்துவந்தார். கூட்டம் "ரிம்மா! ரிம்மா!" என்று கத்தியது. அவள் மைக் இல்லாமலே பேசினாள். ஒரு சொல்லை எப்படித் தப்பாக எழுதினாள், மயாக் கட்டப் பார்த்தது, விளக்குகள் பேருந்தில் வந்தது, எல்லாவற்றையும் ரஷ்ய மொழியில் ஒரு வாக்கியம், ஆங்கிலத்தில் ஒரு வாக்கியமாகச் சொன்னாள். ஊர் கீழே சிரித்து முடிக்க, ஆங்கிலேயர்கள் மேடையில் சிரிக்கத் தொடங்கினார்கள். வலேரி பங்கிராத்தொவிச் எல்லோரிடமும், "முதல்லேர்ந்தே இதுதான் எங்க திட்டம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை குழு அடுத்த ஊரான யாரொஸ்லாவ்லுக்குக் கிளம்பியது. அங்கே வேறு மொழிபெயர்ப்பாளர் ஏற்பாடாகியிருந்தது. ஐரிஸ் மஞ்சள் காலணியோடு ரிம்மாவின் வீட்டு வாசலில் வந்து நின்றார். "எனக்கு நீங்கதான் வேணும். அங்க மட்டும் இல்ல, இந்தப் பயணம் முடியற வரைக்கும்" என்றார்.

"ஆலையில லீவு கேக்கணுமே" என்றாள் ரிம்மா.

"ஆலையே லீவுலதான் இருக்கு" என்றான் யெஃபிம் உள்ளேயிருந்து. பெட்டியைக் கட்டிலின் அடியிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தான்.

வோல்கா பாலத்தைத் தாண்டும்போது ரிம்மா வண்டியின் முன் இருக்கையில் ஐரிஸுக்குப் பக்கத்தில் இருந்தாள். கட்டின தொண்டையோடு, இன்னும் உறைந்தே கிடந்த ஆற்றில் ஓட்டை போட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்களைக் காட்டி, அவர்கள் ஏன் மதியத்துக்கு முன் வீட்டுக்குப் போக மாட்டார்கள் என்று ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தாள். பின்னால் இருந்த நடிகர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து, கம்பியைப் பிடித்து நின்றபடி கேட்கத் தொடங்கினார்கள்.